ஐம்பத்தேழாயிரத்து நான்காம் எண்

விருதுநகர் மாவட்டம், அருப்புக்கோட்டை நகரில் சொந்த வீட்டில் குடியிருப்பவரும், காலஞ்சென்ற சொக்கலிங்கம் அவர்களின் குமாரரும், வயது எழுபத்தொன்று நிறைந்தவருமாகிய மயில்வாகனன் என்னும் நான், எவருடைய தூண்டுதலும் இன்றி, நல்ல நினைவோடு தங்களிடம் சொல்வது என்னவென்றால்: தம்பி, அந்தப் பையைக் காலடியில் வைக்காதீர்கள். மடியில் வையுங்கள். உள்ளே இருப்பது மடிக்கணினி என்பது தெரிகிறது. இந்தப் பேருந்தின் பின்சக்கரத்துக்கு நேர்மேலே நாம் உட்கார்ந்திருக்கிறோம். மதுரையைத் தாண்டினால் தெரியும்.

தாங்கள் தூத்துக்குடிவரை போகிறவர். நான் அருப்புக்கோட்டையில் இறங்கிவிடுவேன். ஒலிவாங்கிக்கு ஒரு கம்பி வாங்க மதுரைக்கு வந்தேன், வாங்கிவிட்டேன், திரும்புகிறேன். இடையில் ஒரு மணி நேரம் இருக்கிறது. என் வழக்கைச் சொல்ல அது போதும். வழக்கு என்றால் நீதிமன்றத்து வழக்கு அன்று. கணினி வழக்கு. தாங்கள் கணினி வைத்திருப்பவர் ஆகையால் தங்களிடம் சொல்கிறேன். சென்ற முறை இதே பேருந்தில் ஒரு கோழி வியாபாரியிடம் சொன்னேன். அவர் உறங்கிவிட்டார்.

நான் உரிமம் பெற்ற பத்திர எழுத்தர். எட்டாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது. நான் படிப்பை விடவில்லை. சுண்டல் பொட்டலத்தின் தாளைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவேன். என் பேச்சு அச்சடித்தாற்போல இருக்கிறது என்று ஊரில் கேலி பேசுவார்கள். அச்சடித்தாற்போல இருப்பது குறையா? பத்திரங்களைக் கணினியில் தட்டச்சு செய்யவேண்டும் என்று வந்தபோது என்னோடு இருந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். நான் ஒதுங்கவில்லை. புத்தகம் வாங்கினேன், படித்தேன், கற்றேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அத்துடன் எனக்குக் குரல் உண்டு. எங்கள் ஊரில் கோயில் விழா அறிவிப்பு, கண்ணீர் அஞ்சலி, காணாமற்போன ஆடு, எதுவானாலும் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் வருவது என் குரல்தான். ஆகவே என் வீட்டு மாடியில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தேன். என் மகள் இன்பவல்லி பதிவுகளைச் செப்பனிடுவாள். அவளுடைய கணவர் நவநீதன் கீபோர்டு வாசிப்பவர். பாட்டுக்கு இசை சேர்ப்பார். நல்ல மனிதர். இந்தக் கதையில் அவரைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல நேரிடும். ஆனால் நல்ல மனிதர்.

கணினி என்னுடையது. அதை நான் ஆண்டேன். ஆண்டேன் என்ற சொல்லைத் தெரிந்தே சொல்கிறேன். இந்த வட்டாரத்து உறுமி, தவில், பம்பை எல்லாவற்றையும் வாசிப்பவர்களை அழைத்து, ஒவ்வோர் அடியாகப் பதிவு செய்து, ஒரே கோப்புறையில் சேர்த்து, அதற்குத் 'தாளக்களஞ்சியம்' என்று பெயரிட்டேன். உள்ளே உள்ள ஒலித்துண்டுகளுக்குப் பதிவுக்கருவி தானாக இட்ட எண்களே பெயர். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் வாசலில் தமிழ்ப் பெயர். அதில் சமரசம் இல்லை.

வினை அங்கேதான் தொடங்கியது. மாப்பிள்ளை எங்கிருந்தோ ஒரு தாள மென்பொருளைக் கொண்டுவந்தார். பழையது, வெளிநாட்டில் யாரோ செய்தது. தாளக்களஞ்சியத்தைத் திற என்று அதற்குச் சொன்னால், திரையில் வரிசையாகக் கேள்விக்குறிகள். தமிழில் எழுதிய பெயர் முழுவதும் கேள்விக்குறி. அப்படி ஒரு கோப்புறையே இல்லை என்றது. என் வீட்டில் இருந்துகொண்டு, என் மின்சாரத்தில் ஓடிக்கொண்டு, இல்லை என்றது.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னார்: "பேர இங்கிலீஷ்ல மாத்திட்டாப் போதும் மாமா. பேருதான. உள்ள இருக்கிற சத்தமா மாறப்போகுது?"

நான் சொன்னேன்: "அப்படியானால் உங்கள் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை. உள்ளே இருக்கிற ஆள் மாறப்போவதில்லை."

இன்பவல்லி காதொலிப்பானை மாட்டிக்கொண்டாள். அது அவளுடைய பழக்கம். நாங்கள் இருவரும் பேசினால் மாட்டிக்கொள்வாள்.

இப்போது ரெஜிஸ்ட்ரி என்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். தாங்கள் அறிந்திருக்கக்கூடும்; இருந்தாலும் சொல்கிறேன். விண்டோஸுக்குள்ளே ஓர் இடம். எந்த மென்பொருள் எங்கே குடியிருக்கிறது, எந்தக் கருவிக்கு எந்த வாசல், யாருக்கு என்ன உரிமை, எல்லாம் அங்கே பதிவாகியிருக்கிறது. கணினி கண்விழிக்கும்போதெல்லாம் அங்கே பார்த்துத்தான் தன்னை இன்னார் என்று தெரிந்துகொள்கிறது. இது என்ன? சார்பதிவாளர் அலுவலகம் அல்லவா? என் வாழ்நாள் முழுவதும் நான் படியேறி இறங்கிய இடம் அல்லவா? மாப்பிள்ளை, "அத மட்டும் தொடாதீங்க மாமா" என்று முன்பே சொல்லியிருந்தார். ஒருவர் தொடாதே என்று சொன்னால் இரண்டு காரணங்கள்தான் இருக்கமுடியும். அது சுடும், அல்லது அது அவருக்குத் தெரியாது. நான் தொட்டுப்பார்த்தேன். சுடவில்லை.

முதல் தடவையில் எனக்கு வெற்றியே கிடைத்தது. இசை மென்பொருள் ஒருநாள் ஒலிக்கருவிகளைக் காணவில்லை என்று மக்கர் செய்தது. ரெஜிஸ்ட்ரியில் அதன் கிளையைத் தேடிப் பிடித்தேன். பழைய முகவரி இருந்தது, திருத்தினேன், வீணை வந்தது, புல்லாங்குழல் வந்தது. மாப்பிள்ளையே "பரவாயில்லயே" என்றார். அந்தப் 'பரவாயில்லை' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு மனிதன் சும்மா இருப்பானா?

ஆகவே கேள்விக்குறியின் வேரைத் தேடினேன். பல நாள் தேடினேன். கண்டுபிடித்தேன். பழைய மென்பொருள்களுக்கு எந்த மொழியின் எழுத்துத் தெரியவேண்டும் என்பதை ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண் முடிவு செய்கிறது. ஒரே ஓர் எண். ஆங்கிலம் முதலான மேல்நாட்டு மொழிகளுக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டு. ஜப்பானியருக்கு ஓர் எண் உண்டு. தாய்லாந்துக்காரருக்கு உண்டு. அரபுக்கு உண்டு. தமிழுக்கு? தேர்ந்தெடுக்கும் பட்டியலில் தமிழ் இல்லை. மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். இல்லை. கல்லில் வெட்டிய மொழி, பானையில் கீறிய மொழி, பட்டியலில் இல்லை. தம்பி, எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. தாங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தங்கள் வீட்டு மனைக்குப் பட்டா இல்லை என்று யாராவது சொன்னால் அப்போது இந்தக் கிழவன் நினைவுக்கு வருவான்.

ஆனால் ரெஜிஸ்ட்ரிக்கு உள்ளே இன்னொரு பட்டியல் இருக்கிறது. வெளியே காட்டாத பட்டியல். அதன் அடிவரிசையில் ஐம்பத்தேழாயிரத்தில் தொடங்கும் சில எண்கள். அவை யாருக்குரியவை என்று வேறொரு நூலில் தேடினேன். தேவநாகரி, வங்காளம், தமிழ், தெலுங்கு... இந்திய எழுத்துகள்! பத்து எழுத்துகளுக்கும் சேர்த்து ஒரே கோப்பைக் காட்டியிருந்தார்கள். கூட்டுப்பட்டா. இருக்கட்டும். கூட்டுப்பட்டாவும் பட்டாதான். அதில் தமிழுக்குரிய எண் ஐம்பத்தேழாயிரத்து நான்கு.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. இராகு காலம் பிறப்பதற்கு முன்பே நீராடி, கணினிக்குச் சந்தனம் இட்டு, ஆயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டை அழித்து, ஐம்பத்தேழாயிரத்து நான்கை இட்டேன். பத்திரத்தில் அசலைத் திருத்தினால் ஓரத்தில் கையொப்பம் இடுவோம். அங்கே ஓரம் இல்லை. நகல் எடுத்துவைத்தீர்களா என்று பின்னால் மாப்பிள்ளை கேட்டார். நான் அடித்தல் திருத்தல் இல்லாமல் பத்திரம் எழுதிப் பழகியவன். சரியாக எழுதப்போவதற்கு நகல் எதற்கு?

கணினியை அணைத்து மறுபடி இயக்கினேன். நீலத்திரை வந்தது. தானே அணைந்தது, தானே எழுந்தது, மறுபடி நீலத்திரை. சந்தனம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

நான் கலங்கவில்லை. எண் சரியானது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அந்த எண்ணைத் தாங்கும் பக்குவம் கணினிக்கு வரவில்லை. குழந்தைக்குக் கொடுத்த மருந்து சரி, குழந்தை கக்கிவிட்டது. மருந்தின் மேல் குற்றமா?

ஆனால் காலம் சரியில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெரு மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். விழாக்குழு முதல்முறையாக எங்களிடம் ஐந்து பாட்டுகள் கேட்டிருந்தது. இன்பவல்லி அந்த வேலையை வாங்குவதற்காக விழாக்குழுத் தலைவர் சுப்புக்காளையின் வீட்டுக்குப் பலமுறை நடந்திருக்கிறாள். பாடியவர் பந்தல்குடி ராக்கம்மாள். பாடிக்கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய குரல் முழுவதும் அந்தக் கணினிக்குள்ளே. காப்புக் கட்டுவதற்குள் பாட்டுகளைக் கொடுக்கவேண்டும்.

இன்பவல்லி மாடிக்கு வந்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளை ஒரு கச்சேரிக்காகச் சாத்தூர் போயிருந்தவர் பாதியில் திரும்பி வந்தார். கணினியின் வன்தட்டைக் கழற்றி, நண்பர் ஒருவரின் கணினியில் செருகி, மறுநாள் மாலைவரை ஏதேதோ செய்தார். கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? என் எண்ணை அழித்துப் பழைய எண்ணை இட்டார். அவ்வளவுதான். கணினி எழுந்தது. ரெஜிஸ்ட்ரியைத் தொடாதே என்றவர் ரெஜிஸ்ட்ரியைத்தானே தொட்டார்? இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போது ஒன்று நடந்தது. கணினி எழுந்தவுடன், ஐந்து பாட்டுகள் காத்திருக்க, இந்தப் பெண் முதலில் எதைத் திறந்தாள் தெரியுமா? ஒரு சின்ன ஒலித்துண்டு. கூடம் அமைத்த புதிதில் ஒலிவாங்கியைச் சோதிப்பதற்காக அவளுடைய தாயாரைப் பேசச் சொன்னது. "இது ஓடுதா? என்னத்தப் பேச? அடுப்புல பால் இருக்கு" என்று அதில் வரும். அவ்வளவுதான். என் மனைவி காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அது பாட்டு அன்று, அறிவிப்பு அன்று, பணிக்கு எவ்வகையிலும் பயன்படாதது. வேலை தலைக்குமேல் இருக்கும்போது அதைத் திறந்து இரண்டு முறை கேட்டாள். ஒழுங்கு தெரியாத செயல். நான் வெளியே வந்துவிட்டேன். மொட்டைமாடியில் கம்பிகளைச் சரிபார்க்கவேண்டியிருந்தது.

இந்த ஊர் கல்லுப்பட்டி என்று நினைக்கிறேன். இல்லை? சரி.

அதன்பின் நடந்ததுதான் வழக்கு. இரண்டு நாள் கழித்துக் கணினியை இயக்கி ரெஜிஸ்ட்ரிக்குள் போனேன். நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடு என்று கேட்டது. யார் நிர்வாகி? நான். யாரிடம் கேட்கிறது? என்னிடம். என் கடவுச்சொல்லை இட்டேன். தவறு என்றது. தாங்களே சொல்லுங்கள். தன் வீட்டுக்குள் நுழையும் மனிதனை அவன் வளர்த்த நாய் குரைத்தால், குற்றம் நாயுடையதா, பூட்டை மாற்றியவருடையதா?

மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "விழா முடியுற வரைக்கும் மாமா" என்றார். மகளிடம் கேட்டேன். காதொலிப்பானை மாட்டிக்கொண்டாள்.

நான் பத்திர எழுத்தர். என் எதிர்ப்பை எழுத்தாகவே தெரிவித்தேன். 'நிர்வாக உரிமை திருப்பியளிக்கப்படும் வரையிலும், தாளக்களஞ்சியத்தின் தமிழ்ப் பெயருக்குப் பாதுகாப்பு உறுதிசெய்யப்படும் வரையிலும், கீழே கையொப்பமிட்டவரின் குரல் இந்தக் கூடத்தில் ஒலிக்காது' என்று அச்செடுத்துக் கதவில் ஒட்டினேன். மறுநாள் அதன்மேல் ஒரு மாதக்காட்டி தொங்கியது. தற்செயலாக இருக்கலாம். நான் மாதக்காட்டியை அகற்றவில்லை. அதில் அம்மன் படம் இருந்தது.

பாட்டுகளுக்கு நடுவே விழா அறிவிப்பு வரவேண்டும். அது என் குரலில்தான் வருவது வழக்கம். சுப்புக்காளை நேரில் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் நின்று, "ஐயா, மகளோட சண்டைன்னா மகளோட வச்சுக்கங்க. ஆத்தாகிட்ட ஏன் காட்டுறீக?" என்றார். இது உரிமைப் பிரச்சினை என்று விளக்கினேன். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப விருதுநகர்ல ஒரு பையன் இருக்கான், அவன வச்சுப் பேசிக்கிறோம்" என்று போய்விட்டார்.

அந்தப் பையனின் குரலோடு ஆட்டோ எங்கள் தெருவில் வந்தது. குரல் குற்றமில்லை. பற்பசை விளம்பரத்துக்கு ஏற்ற குரல். ஊர் கொந்தளித்தது. தேநீர்க் கடைக்காரர் என்னை நிறுத்தி, "என்னங்கய்யா, தொண்டை கட்டிக்கிருச்சா?" என்று கேட்டார். ஒருவர் வெளிப்படையாகக் கேட்டால், உள்ளுக்குள் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

நான் விட்டுக்கொடுக்கவில்லை. மாடிக்குப் போகவில்லை. மாப்பிள்ளையோடு பேசவில்லை. உப்பு வேண்டும் என்றால்கூட மகள் மூலமாகத்தான் கேட்டேன். மாப்பிள்ளை உப்பை எடுத்து என்னருகே வைப்பார். மகளுக்கு நன்றி சொல்வேன். அப்படியே ஓடியது.

ஒருநாள் காலை இன்பவல்லி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். காதொலிப்பான் இல்லை.

"அப்பா, ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு எல்லாம் போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"போகவில்லையே."

"போயிருந்தா?"

"போகாத ஒன்றுக்கு நான் எப்படி விளக்கம் எழுதமுடியும்?"

அவள் சிரித்துவிட்டாள். ஏன் சிரித்தாள் என்று இன்றுவரை கேட்கவில்லை. அவளுடைய தாயாரும் வாதத்தில் தோற்றால் இப்படித்தான் சிரிப்பார்.

"சரி, மேல வாங்க" என்றாள். "களஞ்சியத்துப் பேரு மாறல. தமிழ்லதான் இருக்கு. வந்து பாருங்க."

போனேன். பெயர் அப்படியே இருந்தது. பிறகு அந்தத் தாள மென்பொருளைத் திறந்தாள். உறுமி ஒலித்தது, தம்பி! என் உறுமி! கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. எப்படி என்று கேட்டேன்.

"ரெஜிஸ்ட்ரியில ஒரு வாசல் வச்சேன். எம்-னு ஒரு டிரைவ். அந்த மென்பொருளு எம் வழியா உள்ள போயிருது. எந்தப் பேரு போட்ட வீட்டுக்குள்ள நிக்கிறோம்னு அதுக்குத் தெரியாது."

"எம் என்பது ஆங்கில எழுத்து" என்றேன்.

"மயில்வாகனனுக்கு எம்-ப்பா. இந்த வாசல் ஒங்க பேருல இருக்கு."

யோசித்தேன். ஆங்கில எழுத்துதான். ஆனால் வெளிநாட்டு மென்பொருள் என் பெயரைச் சொல்லித்தான் என் களஞ்சியத்துக்குள் நுழையமுடியும். அது பணிந்து வருகிறது என்றுதானே பொருள்? அத்துடன் மாற்றம் எங்கே செய்யப்பட்டிருக்கிறது? ரெஜிஸ்ட்ரியில். தீர்வு ரெஜிஸ்ட்ரியில்தான் இருக்கிறது என்று முதன்முதலில் சொன்னவர் யார்?

"நிர்வாகம்?" என்று கேட்டேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

புதிதாக ஒரு கணக்கு உருவாக்கினாள். முதலில் ஆங்கிலத்தில் ஏதோ தட்டினாள். பிறகு, கணினி எழுந்தவுடன் தெரியும் பெயரை மாற்றினாள். 'நிர்வாகி'. தமிழில். பெரிய எழுத்தில். என் படத்துடன். மாப்பிள்ளையின் கணக்கில் படம்கூடக் கிடையாது; வெறும் வட்டம்தான் இருக்கிறது.

உடனே சோதித்தேன். ரெஜிஸ்ட்ரியைத் திறந்தேன். திறந்தது. எல்லாக் கிளைகளையும் பார்வையிட்டேன். ஓர் எண்ணைத் தொட்டவுடன் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. இது என்ன என்று மகளைக் கேட்டேன்.

"வங்கி லாக்கர் மாதிரிப்பா. பெரிய பொறுப்புல இருக்கிறவங்களுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு நீங்க, ஒண்ணு நான். ஒங்க சாவியப் போட்டுட்டு என்னையக் கூப்பிடுங்க."

இது முறையானது. சார்பதிவாளர்கூடத் தனியாக முத்திரை குத்திவிட முடியாது. எழுதியவர் இருக்கவேண்டும், சாட்சிகள் இருக்கவேண்டும். இப்போதும் அவ்வப்போது உள்ளே போய்ப் பார்வையிடுகிறேன். அந்த அறிவிப்பு வரும். நான் மூடிவிடுவேன். மகளை எதற்காகத் தொந்தரவு செய்யவேண்டும்? அதிகாரம் இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். அதைப் பயன்படுத்தித்தான் காட்டவேண்டும் என்று இல்லை. ஆனால் ஐம்பத்தேழாயிரத்து நான்கை நான் மறக்கவில்லை. கணினிகளுக்குப் பக்குவம் வரும் நாள் வரும். அன்று முதலில் சந்தனம் இட்டவன் யார் என்று கேட்பார்கள்.

மாப்பிள்ளை கதவருகில் நின்றுகொண்டிருந்தார். "மாமா, அறிவிப்பு ஒண்ணு பாக்கி இருக்கு. போலாமா?" என்றார். மன்னிப்பை எந்தச் சொல்லிலும் கேட்கலாம். நான் ஏற்றுக்கொண்டேன். விருதுநகர்ப் பையனை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவன் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் கோயில் வரி கொடுக்க வரவில்லையாம். சுப்புக்காளை திருப்பி அனுப்பிவிட்டாராம். மாப்பிள்ளை இதைச் சொல்லும்போது இன்பவல்லி ஏனோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நின்றேன். ஒலிவாங்கியைச் சற்று மேலே உயர்த்தச் சொன்னேன். ஒரே மூச்சில், திருத்தமின்றி, 'அனைவரும் வருக' என்பதுவரை பேசி முடித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். வென்றவரைப் பார்த்து வீட்டார் மகிழ்வது இயல்பு.

அருப்புக்கோட்டை வந்துவிட்டது. நடத்துநர் விசில் ஊதுவதற்குள் இறங்கவேண்டும். தாங்கள் எழுந்திருக்க வேண்டாம், தம்பி. அந்தப் பையை விடாதீர்கள். இந்த விவகாரம் முழுமையாகவும் நிபந்தனையின்றியும் என் பக்கம் தீர்ந்த நாளை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: திருவள்ளுவர் ஆண்டு இரண்டாயிரத்து ஐம்பத்தாறு, பங்குனித் திங்கள் ஐந்தாம் நாள், புதன்கிழமை. சாட்சிகள் இருவர்: மகள் இன்பவல்லி, மருமகன் நவநீதன்.